முதல் லைசென்ஸ்: டெல்டா பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த மறுவாரமே இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். நான் மன்னார்குடிப் பக்கம் பதினான்கு வருடமாகக் காரும் டூவீலரும் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கடைத்தெருவில், கல்யாண வீட்டில், சில நேரம் கோயில் பிராகாரத்தில்கூட நிறுத்திவைத்துக் கேட்பார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

பையனுக்கு 16 வயது முடிந்துவிட்டது. 16-லேயே லைசென்ஸ் உண்டு என்கிறார்களே, வண்டியைக் கொடுக்கலாமா?

பாதி உண்மை. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி வண்டி ஓட்ட 18 வயது ஆகியிருக்க வேண்டும். இதில் ஒரே ஒரு விலக்கு, 50 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு. அதை 16 வயதில் ஓட்டலாம். அதற்கும் அப்பா, அம்மா அல்லது பாதுகாவலர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு, பழகுநர் உரிமம் எடுத்து, டெஸ்ட் போய்த்தான் ஆக வேண்டும்.

சரி, உங்கள் வீட்டு வாசலில் நிற்பது என்ன வண்டி? டிவிஎஸ் எக்ஸ்எல் 100 என்றால் அது 99.7 சி.சி. ஸ்கூட்டி பெப் பிளஸ் 87.8 சி.சி. ஆக்டிவா 110 சி.சி. அளவில் வரும். அந்தக் காலத்து டிவிஎஸ் 50-ஐ மனதில் வைத்துக்கொண்டு, "மொபெட்தானே, இது சின்னப் பிள்ளைகள் ஓட்டலாம்" என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேர்தான் மொபெட், சட்டத்தின் கணக்குக்கு அது 18 வயது வண்டி. 16 வயதுப் பிள்ளை சட்டப்படி ஓட்டக்கூடிய பெட்ரோல் வண்டி இன்று நம் ஊர் ஷோரூம்களில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி வண்டியில் ஒரு வகை உண்டு. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தால் சட்டம் அதை மோட்டார் வாகனமாகவே எடுத்துக்கொள்வதில்லை. லைசென்ஸும் வேண்டாம், பதிவெண்ணும் வேண்டாம். ஆனால் கடைக்காரர் "லைசென்ஸ் தேவையில்லாத வண்டி" என்று வாயால் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். வண்டியின் காகிதத்தில் அந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வயல் வரைக்கும்தான் போகிறான். மெயின் ரோட்டுக்கே வரமாட்டான். அதுவுமா தப்பு?

இந்தக் கேள்வியை டெல்டாவுக்கு வெளியே யாரும் இவ்வளவு அழுத்தமாகக் கேட்கமாட்டார்கள். காலையில் தண்ணீர் பாய்ச்ச மதகைத் திறக்க வேண்டும், உர மூட்டை போக வேண்டும், ஆட்களுக்கு டீ போக வேண்டும். அப்பா வெளிநாட்டில், தாத்தாவுக்கு முட்டிவலி. வீட்டில் எஞ்சியிருப்பது பத்தாவது படிக்கும் பையன். அந்த நெருக்கடி எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் சட்டம் "பொது இடம்" என்று சொல்வது தார் ரோட்டை மட்டும் அல்ல. பொதுமக்கள் போய்வர உரிமை உள்ள எந்த வழியும் பொது இடம்தான். ஆற்றங்கரைப் பாதை, வாய்க்கால் கரை, ஊர்த் தெரு எல்லாம் அதில் அடங்கும். உங்கள் சொந்த வயலுக்குள், வேலி போட்ட தோப்புக்குள் ஓட்டினால் அது வேறு. வாசலிலிருந்து வயலுக்குப் போகும் இரண்டு கிலோமீட்டர்தான் சிக்கல்.

ஆபத்தும் அந்த இரண்டு கிலோமீட்டரில்தான். என் அக்கா மகன் 15 வயதில் எக்ஸ்எல்லின் முன்பக்கம் ஒரு யூரியா மூட்டையை வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் போனான். 45 கிலோ மூட்டை. எதிரே டிராக்டர் வந்ததும் ஓரம் ஒதுங்கினான், கரை மண் சரிந்தது. வண்டி, மூட்டை, பையன் மூன்றும் உள்ளே. அந்தச் சமயம் வாய்க்காலில் முழங்கால் அளவுதான் தண்ணீர். கால் எலும்பு முறிவோடு போயிற்று. மேட்டூர் திறந்து ஒரு மாதம் கழித்து நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

பிடிபட்டால் ஃபைன் கட்டிவிட்டு வந்துவிடலாம்தானே?

2019-க்கு முன்னால் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அந்த வருடம் சட்டத்தைத் திருத்தி 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி 18 வயது ஆகாத பிள்ளை வண்டியில் குற்றம் செய்தால், குற்றவாளி பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர். 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்கத் தன்னால் ஆனதையெல்லாம் செய்தேன் என்று நிரூபித்தால்தான் பெற்றோர் தப்பிக்க முடியும். சாவியை மாட்டிவைக்கும் ஆணி பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும் வீட்டில் அதை நிரூபிப்பது கடினம்.

இதில் 25 வயது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் பக்கத்தில் எத்தனை பிள்ளைகள் டிரைவர் வேலைக்கு வளைகுடா போகலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்! அந்தக் கணக்கில் ஏழு வருடம் அப்படியே போய்விடும்.

இன்னொன்று இன்ஷூரன்ஸ். இதைத்தான் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி இன்னொருவருக்கு அடிபட்டால், தீர்ப்பாயம் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியை முதலில் பணத்தைக் கட்டச் சொல்லும். அப்புறம் அந்தத் தொகையை வண்டியின் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று கம்பெனிக்கு உரிமை கொடுக்கும். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரில் ஒரு குடும்பம் அப்படி மூன்று மா நிலத்தை விற்றது. பையன் ஓட்டிய வண்டி சைக்கிளில் வந்த பெரியவர் மேல் மோதியது. வண்டி தாத்தா பேரில் இருந்ததால் நோட்டீஸும் தாத்தா பேருக்கே வந்தது. அவர் வண்டியைத் தொட்டே பல வருடம் ஆகியிருந்தது.

உரிமையாளருக்கென்று பாலிசியோடு கட்டாயமாகச் சேர்த்துத் தரும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பும், அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான் கிடைக்கும். தாத்தா, சித்தப்பா பேரில் இருக்கும் வண்டிகளுக்கு இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

18 ஆகிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமத்திலிருந்து. பரிவாகன் இணையதளத்தில் சாரதி பகுதிக்குள் போய் நீங்களே விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போங்கள். ஆதார், பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று அல்லது பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் வேண்டும். உடல்தகுதிக்குப் படிவம் 1-ல் நீங்களே உறுதிமொழி கொடுத்தால் போதும். டாக்டர் சான்று சொந்த வண்டிக்கு 40 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்குத்தான்.

கட்டணம் மத்திய விதிப்படி ஒவ்வொரு வகை வண்டிக்கும் 150 ரூபாய், எல்.எல்.ஆர். தேர்வுக்கு 50 ரூபாய். பிறகு ஓட்டும் டெஸ்டுக்கு வகைக்கு 300, உரிமத்துக்கு 200. இதன்மேல் சேவைக் கட்டணம் கொஞ்சம் வரும். இந்தத் தொகைகளைத் தெரிந்து வைத்துக்கொண்டாலே "எல்லாம் சேர்த்து இவ்வளவு ஆகும்" என்று யாராவது ஐந்து இலக்கத்தில் சொல்லும்போது நிமிர்ந்து கேள்வி கேட்கத் தைரியம் வரும்.

தஞ்சாவூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். வீடு திருத்துறைப்பூண்டி. எங்கே எடுப்பது?

மாநிலத்துக்குள் எந்த உரிம அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்று 2019 திருத்தத்திலேயே வந்துவிட்டது. தஞ்சாவூர் 49, திருவாரூர் 50, நாகப்பட்டினம் 51, கும்பகோணம் 68, மயிலாடுதுறை 82 என்ற எண்ணெல்லாம் வண்டிக்குத்தான். லைசென்ஸில் எந்த ஊர் எண் இருந்தாலும் இந்தியா முழுக்கச் செல்லும். காரைக்கால்காரர்கள் மட்டும் கவனியுங்கள். நீங்கள் புதுச்சேரி நிர்வாகத்தின் கீழ் வருகிறீர்கள். எல்லை தாண்டி நாகூர் பத்து நிமிடம்தான் என்றாலும் விண்ணப்பம் அங்கே போகாது.

எல்.எல்.ஆர். தேர்வு கஷ்டமா?

படித்தால் கஷ்டமில்லை. தமிழிலேயே எழுதலாம். சாலைக் குறியீடுகளும் அடிப்படை விதிகளும்தான் கேள்வி. சிவப்பு வட்டம் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் தகவல். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி முடிந்தது. பக்கத்து நாற்காலியில் இருப்பவரைக் கேட்டுப் பொத்தானை அமுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பாஸ் ஆன ஒரு மாணவனிடம் கோரையாற்றுப் பாலத்துக்கு முன்னால் நின்ற முக்கோணத்தைக் காட்டி என்ன என்று கேட்டேன். "ஏதோ டம்ளர் மாதிரி இருக்கு சார்" என்றான். குறுகிய பாலம் என்று எச்சரிக்கும் பலகை அது. எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது.

கண்ணாடி போட்டவர்களுக்கு உண்டா?

உண்டு. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பலகையைப் படிக்க முடிய வேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாலும் சரி. விண்ணப்பிக்கும் முன் வீட்டு வாசலில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். தனக்குத் தூரப்பார்வை மங்கல் என்பதையே இங்கேதான் முதன்முதலாகக் கண்டுபிடித்த பிள்ளைகள் எனக்குத் தெரிந்து ஐந்தாறு பேர்.

எல்.எல்.ஆர். கையில் வந்துவிட்டது. இனி ஓட்டிக்கொண்டு காலேஜ் போகலாமா?

கூடாது. எல்.எல்.ஆர். என்பது பழகுவதற்கான அனுமதி, அவ்வளவுதான். லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில், வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெள்ளைப் பலகையில் சிவப்பில் 'எல்' எழுத்து முன்னும் பின்னும் இருக்க வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரம், எழுத்தின் உயரம் குறைந்தது 10 சென்டிமீட்டர். நகத்தளவு ஸ்டிக்கர் ஒட்டினால் கணக்கில் வராது. டூவீலரில் பழகும்போது பின்னால் சிநேகிதனை ஏற்றக்கூடாது, சொல்லிக்கொடுப்பவர் உட்காரலாம்.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். எடுத்து 30 நாள் ஆன பிறகே டெஸ்டுக்குப் போக முடியும். அந்த 30 நாளை எல்லோரும் காத்திருக்கும் காலமாக நினைக்கிறார்கள். கற்றுக்கொள்வதற்கென்றே சட்டம் ஒதுக்கிக் கொடுத்திருக்கும் ஒரே காலம் அதுதான். அமெரிக்காவில் சில மாநிலங்களில் பதின்வயதுப் பிள்ளைகள் இத்தனை மணி நேரம் வகுப்பு, இத்தனை மணி நேரம் பெற்றோரோடு ஓட்டம், அதில் இவ்வளவு இரவு ஓட்டம் என்று கணக்குக் காட்ட வேண்டும். நமக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதனால் அந்தக் கணக்கை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டிரைவிங் ஸ்கூல் சேர்வது கட்டாயமா?

சொந்தக் காருக்கும் டூவீலருக்கும் கட்டாயம் இல்லை. இதை ஒரு டிரைவிங் மாஸ்டரான நானே சொல்கிறேன். பொறுமையும் லைசென்ஸும் உள்ள மாமா ஒருவர் வீட்டில் இருந்தால் அவரிடமே பழகலாம். ஆனால் பெரும்பாலான மாமாக்களுக்குப் பொறுமை மூன்றாவது நாள் தீர்ந்துவிடுகிறது. பிரேக் அவர் காலடியிலும் இருக்காது. எங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் பிரேக், கிளட்ச் இருக்கும்.

ஸ்கூலில் சேர்ந்தால் உங்கள் உரிமை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். சொந்த உபயோகக் காருக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்லும் பயிற்சி குறைந்தது 21 நாள். அதில் நீங்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டும் நேரம் குறைந்தது 10 மணி. தினமும் அரை மணி நேரம் என்று சொல்லி, காரில் நான்கு பேரை ஏற்றி, ஆளுக்கு ஏழு நிமிடம் கொடுத்து அனுப்பும் இடங்கள் உண்டு. என் தங்கை மகள் வேறோர் ஊரில் அப்படி ஒரு இடத்தில் 15 நாள் போனாள். மொத்தம் எவ்வளவு ஓட்டினாய் என்று கேட்டேன். டைரியில் குறித்து வைத்திருந்தாள், மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. ரிவர்ஸ் எடுக்கவே சொல்லித்தரவில்லை. முன்பணம் கட்டும் முன்னால் "எனக்கு மட்டும் ஸ்டீயரிங்கில் எத்தனை மணி நேரம்?" என்று கேளுங்கள். வேறு ஒன்றும் கேட்க வேண்டாம்.

அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையம் என்பது தனி வகை. 2021 ஜூலை 1 முதல் அதற்கான விதி நடப்பில் இருக்கிறது. காருக்கு 4 வாரத்தில் 29 மணி நேரம், அதில் 21 மணி ஓட்டம், 8 மணி பாடம். அங்கே தேறியவர்களுக்கு ஆர்டிஓ அலுவலக ஓட்டும் டெஸ்டிலிருந்து விலக்கு உண்டு. தெருமுனையில் இருக்கும் சாதாரண ஸ்கூலுக்கு அந்தச் சலுகை கிடையாது. "எங்களிடம் சேர்ந்தால் டெஸ்டே வேண்டாம்" என்று சொன்னால் அங்கீகாரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

நம் ஊர் ரோட்டில் எதைப் பழக வேண்டும்?

யாரும் கேட்காத கேள்வி இது, நானே போட்டுக்கொண்டேன். புத்தகத்தில் இருக்கும் ரோடு வேறு, சேத்தியாத்தோப்பிலிருந்து வேதாரண்யம் வரை நாம் ஓட்டும் ரோடு வேறு.

முதலில் பாலம். டெல்டா தட்டையான பூமி. இங்கே மேடு என்று ஒன்று இருந்தால் அது ஆற்றுப் பாலத்துக்கு ஏறும் ஏற்றம்தான். வெண்ணாறு, வெட்டாறு, பாமணியாறு, அரசலாறு என்று பத்து நிமிடத்துக்கு ஒரு பாலம். பழைய பாலங்களில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரே பஸ் ஏறிவிட்டால் நாம் சரிவிலேயே நிற்க வேண்டும். போன மாதம் ஒரு பையன் அப்படி நின்றான். மறுபடி கிளப்பியதும் கிளட்சை வெடுக்கென்று விட்டான், இன்ஜின் அணைந்தது. "சார், பின்னாடி போகுது சார்!" பின்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். "ஹேண்ட் பிரேக்கை இழுடா தம்பி, மூச்சு விடு, ஒண்ணும் ஆகலை" என்றேன். கை நடுங்கியது. அப்புறம் கிளட்சை மெதுவாக விட்டு, பானட் லேசாக எழும்பும் இடத்தில் காலை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இறக்கச் சொன்னேன். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் ஏறியது. அன்று அதே பாலத்தில் பதினோரு முறை ஏறி இறங்கினோம். டெஸ்டிலும் ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது விதிப்படி பார்க்க வேண்டிய ஒன்று.

ஆற்றங்கரையில் கார் பழகுவதாக இருந்தால் ஜூனுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். வழக்கம்போல் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தால் சில நாளில் கல்லணை திறக்கும், அப்புறம் கரை ஓரமெல்லாம் ஈரம் ஏறிவிடும். பல இடங்களில் தடுப்புச் சுவரே கிடையாது. தண்ணீர் ஓடும்போது புதியவர்களைக் கரைக்கு நான் கூட்டிப்போவதே இல்லை.

அறுவடைக் காலம் வேறு பாடம். குறுவைக்கு ஒரு முறை, பொங்கலை ஒட்டிச் சம்பாவுக்கு ஒரு முறை, பாதி ரோட்டில் நெல் காயும். சுற்றி அணைவாகக் கல் வைத்திருப்பார்கள். இரவில் குவித்துக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டால் பக்கத்தில் வரும்வரை தெரியாது. டூவீலர் ஓட்டும் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். நெல்லின் மேல் ஏறிவிட்டால் முன் பிரேக்கைத் தொடாதே. ஆக்சிலேட்டரை விடு, ஹேண்டிலை நேராகப் பிடி, வண்டி தானாக வேகம் குறையட்டும். நெல்மணி சக்கரத்தின் அடியில் குண்டு பேரிங் மாதிரி உருளும். வைக்கோல் என்றால் செயினில் சுற்றிக்கொள்ளும், துப்பட்டாவைப் போலவே.

நெல்லைக் காயவைத்தவர் மேல் கோபப்படாதீர்கள். ஈரப்பதம் கூடுதல் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டால் அவர் எங்கே போவார்? களம் இல்லாத ஊரில் ரோடுதான் களம். மெதுவாகக் கடந்து போங்கள்.

ஐப்பசி மழையில் கேஜ் வீல் டிராக்டர் வயலிலிருந்து ஏறிய இடமெல்லாம் சேறு வழுக்கும். மார்கழி, தையில் விடியற்காலைப் பனி. அப்போது ஹெட்லைட்டை டிம்மில் போடுங்கள். பிரைட்டில் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். பின்னால் சிவப்பு விளக்கு இல்லாத டிரெய்லர்தான் இரவில் எனக்கு இருக்கும் பெரிய பயம். எதிர் வண்டியின் வெளிச்சத்தில் கண் கூசும் அந்த இரண்டு நொடியில் முன்னால் டிரெய்லர் இருக்கிறது என்றே நினைத்து ஓட்டுங்கள். அறுவடை முடிந்த வயலுக்கு வாத்து மேய்க்க வருகிறவர்கள் ரோட்டைக் கடந்தால் ஹாரன் அடிக்காமல் நில்லுங்கள். மிரண்டால் நாலா பக்கமும் சிதறும், ஒரு மணி நேரம் ஆனாலும் சேராது.

கியர் வண்டிக்கா, கியர் இல்லாத வண்டிக்கா, எதற்கு எடுப்பது?

கியர் வண்டிக்கு எடுத்தால் இரண்டையும் ஓட்டலாம். கியர் இல்லாததற்கு எடுத்தால் ஸ்கூட்டர் மட்டும்தான். கொஞ்சம் கூடப் பழக வேண்டியிருந்தாலும் கியருக்கே போங்கள். காரையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள்.

பொண்ணுக்கு ஸ்கூட்டி போதாதா? கார் எதற்கு?

வீட்டில் ஆண்கள் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் ஊர்கள் இவை. நள்ளிரவில் மாமியாருக்கு நெஞ்சுவலி என்றால் வாசலில் நிற்கும் காரை எடுக்க ஆள் இல்லாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிய பெண்கள் என்னிடம் வந்து கற்றிருக்கிறார்கள், நாற்பது வயதில். 18 வயதில் கற்றால் பயம் இன்னும் சீக்கிரம் போகும். பெண்பிள்ளைகள் மெதுவாகக் கற்பார்கள் என்பது பொய். சொன்னதைக் கேட்டு ஓட்டுகிறார்கள், கண்ணாடியைப் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் முதல் தடவையே தேறுகிறவர்களில் அவர்கள் அதிகம்.

டெஸ்ட் அன்று என்ன நடக்கும்?

உங்கள் வண்டியோடு போக வேண்டும். வண்டிக்கு இன்ஷூரன்ஸ், புகைச் சான்று நடப்பில் இருக்க வேண்டும். டூவீலருக்கு எட்டு போடச் சொல்வார்கள். கால் தரையில் படக்கூடாது. எட்டில் விழுகிறவர்கள் எல்லோரும் முன்சக்கரத்தைக் குனிந்து பார்க்கிறவர்கள். திரும்பப்போகும் இடத்தைப் பாருங்கள், வண்டி அங்கே போகும். முன் பிரேக்கை விட்டுவிட்டுப் பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஓட்டினால் சமநிலை நிற்கும். காருக்கு ரிவர்ஸ் பார்ப்பார்கள், ரோட்டில் ஓட்டச் சொல்வார்கள். கைச் சைகைகளும் கேட்பார்கள், அவற்றை முந்தின நாள் மறுபடி பார்த்துவிட்டுப் போங்கள். ஊர்ப்பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்கிறோமே, அந்த ஆய்வாளரைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. ஏறியதும் சீட் பெல்ட், கண்ணாடி, இண்டிகேட்டர் என்று வரிசையாகச் செய்கிறவரை அவருக்குப் பிடித்துவிடும்.

தேறவில்லை என்றால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். தோற்றதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தோற்ற பிள்ளையைப் புரோக்கரிடம் கூட்டிப்போகிற அப்பாவைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கும்.

டிராக்டர், குட்டி யானை ஓட்டத் தனி லைசென்ஸ் வேண்டுமா?

சரக்கு ஏற்றாத எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டர் இலகு ரக வாகனக் கணக்கில் வரும். கார் லைசென்ஸ் எடுத்த 18 வயதுப் பிள்ளை சொந்த விவசாய வேலைக்கு ஓட்டலாம். குட்டி யானை மாதிரி சரக்கு வண்டி வேறு. கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் போக்குவரத்து வாகனத்துக்குச் சட்டம் சொல்லும் வயது 20. அதனால் 18, 19 வயதில் குட்டி யானைச் சாவி வேண்டாம்.

ஹெல்மெட், டிரிபிள்ஸ் எல்லாம் ஊருக்குள்ளேயும் பார்ப்பார்களா?

ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய், டிரிபிள்ஸுக்கும் 1,000. இரண்டிலும் லைசென்ஸை 3 மாதம் முடக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆறு மாதம் பாடுபட்டு எடுத்த லைசென்ஸ். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டாக வாங்கி, தாடைப் பட்டையை மாட்டிப் போடுங்கள். குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

லைசென்ஸ் எத்தனை வருடம் செல்லும்? அட்டை வரத் தாமதமானால்?

30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை. அட்டை விரைவு அஞ்சலில் வீட்டுக்கு வரும், அதனால் முகவரியையும் செல்போன் எண்ணையும் சரியாகக் கொடுங்கள். டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் காட்டினாலும் செல்லும். வெறும் போட்டோ, ஜெராக்ஸ் செல்லாது.

புதிதாக ஓட்டுகிற பிள்ளை, வழியில் விபத்தாகிவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

வண்டியை விட்டுவிட்டு ஓடக்கூடாது. இதைச் சாவியைக் கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பயத்தில் முதலில் தோன்றுவது அதுதான். 108-ஐக் கூப்பிட வேண்டும். பெரிய ஊர் என்றால் ஊர் பேர் போதும். வாய்க்கால் கரை, வயல் ரோடு என்றால் பக்கத்தில் இருக்கும் மதகு, கோயில், கொள்முதல் நிலையம் எதையாவது அடையாளம் சொல்ல வேண்டும். அடிபட்டவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கக்கூடாது, ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றக்கூடாது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கமாட்டார்கள். அடிபட்டவர் வெளிமாநிலத்துக்காரர் என்றாலும் உண்டு. உதவிக்கு ஓடி வருகிறவரைப் பெயரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, அதனால் சாட்சிக்குப் பயந்து யாரும் ஒதுங்க வேண்டாம். அதன்பின் காவல் நிலையத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் தகவல் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கூப்பிடும்போது அப்பா திட்டுவாரே என்று பிள்ளை தயங்கக்கூடாது. "எந்த நேரமானாலும் முதலில் எனக்குச் சொல், திட்டமாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.